நெற்றிக்குப் பின்னால்

அந்த வருடம் நான் மிகவும் களைத்திருந்தேன். உறங்கி எழுந்தால் தீர்கிற களைப்பு அல்ல அது. காலையில் குளித்துச் சட்டை மாட்டிப் பொத்தான் போடும்போதே கை கனக்கும். திருவட்டாற்றிலிருந்து மலைப்பக்கம் போகும் சாலையில் உள்ள ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், மூளை அறுவை மருத்துவராக எனக்கு அது ஒன்பதாவது வருடம். இரண்டு வருடம் இருந்து பார்க்கிறேன் என்று சொல்லித்தான் வந்தேன். சொந்த மாவட்டத்துக்குச் சேவை செய்ய வந்தவன் என்று ஆண்டு விழாக்களில் என்னைப் பற்றிப் பேசுவார்கள். உண்மை அவ்வளவு அழகானதில்லை. நான் முன்பு வேலை பார்த்த நகரத்து ஆஸ்பத்திரியில் எனக்கு மேலே பலர் இருந்தார்கள். பெரிய கேஸ்கள் என் கைக்கு வர இன்னும் பத்து வருடமாவது ஆகும் என்று தோன்றியது. இங்கே வந்தால் எல்லாமே என்னிடம்தான் வரும் என்று கணக்குப் போட்டேன். வந்தன.

தென்னையிலிருந்து விழுந்தவர்கள், மார்த்தாண்டம் சாலையில் பைக்கோடு லாரியில் மோதியவர்கள், பக்கவாதம் என்று வீட்டில் எண்ணெய் தடவிப் படுக்கவைத்திருந்த, உண்மையில் தலைக்குள் ரத்தம் கட்டியிருந்த வயசாளிகள். ஞாயிறு, பண்டிகை என்றெல்லாம் கிடையாது. எனக்கு மாற்றாள் இல்லை. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். செயற்கை மூச்சு எந்திரம் இருந்த கட்டில்கள் இரண்டு. அதில் ஒன்று பெரும்பாலும் பழுதாகிக் கிடக்கும். நகரங்களில் மண்டையோட்டைத் திறக்க மின்சாரக் கருவி இருக்கிறது. எங்களிடம் இருந்தது கையால் சுற்றுகிற துளைப்பானும் கம்பி வாளும். தச்சுப் பட்டறையில் நிற்பதைப் போலத்தான் நிற்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்தது. என்னோடு படித்த கண் டாக்டர் ஒருவர், தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் ஒரு மாதா கோயில் மண்டபத்தில் கண் முகாம் நடத்திக்கொண்டிருந்தார். நாற்பது வயதுப் பெண் ஒருத்தியைச் சோதித்தாராம். வலக்கண்ணின் நரம்பு வெளுத்துச் செத்துப்போயிருக்கிறது, இடக்கண்ணின் நரம்பு வீங்கியிருக்கிறது என்றார். அதைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. நெற்றிக்குப் பின்னால், மூக்குக்கு மேலே, மூளையைத் தள்ளிக்கொண்டு ஏதோ ஒன்று வெகுநாளாக வளர்ந்திருக்க வேண்டும்.

"அனுப்பி வை" என்றேன்.

போனை வைத்த பிறகு, அவள் வராமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு எண்ணம் வந்தது. ஒரு மருத்துவன் இதைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் வந்தது. அவளும் வரவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம் போனது. பிறகு நான் அவளை மறந்தே போனேன்.

ஐந்து வாரம் கழித்து அவளுடைய தங்கை வந்தாள். அண்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் முந்திரி ஆலையில் கொட்டை உடைக்கிற வேலை அவளுக்கு. விரல்களெல்லாம் கறுத்திருந்தன. கையில் மார்த்தாண்டத்தில் எடுத்த ஸ்கேன் படம். அக்காவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, சேலைத் தலைப்பைப் பெஞ்சுக் காலில் கட்டிவிட்டு உள்ளே வந்திருந்தாள். இல்லாவிட்டால் எழுந்து எங்காவது போய்விடுவாளாம்.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அவள் அக்கா மீன்காரி. கடற்கரையில் ஏலத்தில் எடுத்து, அலுமினியச் சருவத்தில் சுமந்து, ஆட்டோவில் உள்பக்கத்து ஊர்களுக்குப் போய் வீடுவீடாக விற்பவள். வாடிக்கைக்காரர்கள் வேறு யாரிடமும் வாங்காமல் அவளுக்காகக் காத்திருப்பார்கள். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், வாங்கின சாளை நாறுகிறது என்று ஒரு வீட்டில் திருப்பிக் கொடுத்தார்கள். இவள் மாதா மேல் ஆணையாக நல்ல மீன் என்றாள். அடுத்த வாரம் இன்னொரு வீட்டில் அதே பேச்சு. பழைய மீனை ஏமாற்றி விற்கிறாள் என்று பெயராகிவிட்டது. பிறகு ஒரு நாள் வீட்டில் சோறு அடிப்பிடித்துக் கரிந்து, பக்கத்து வீட்டார் ஓடிவந்தபோது இவள் அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதுவுமே மணக்கவில்லை என்று யாருக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரியவில்லை.

அதற்குப் பிறகு குணம் மாறியது. குளிக்கமாட்டாள். பேச்சு குறைந்தது. பூசை நடக்கும்போது கோயிலில் உரக்கச் சிரித்தாள். ஒரு பெருநாள் அன்று எல்லாரும் பார்க்கக் கோயில் முற்றத்திலேயே சேலையைத் தூக்கிக்கொண்டு மூத்திரம் பெய்ய உட்கார்ந்தாள். பைத்தியம், பிராந்து என்றார்கள். ஜெபக் கூட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு வருடம் மனநோய் மாத்திரை கொடுத்தார்கள். தலையைப் படம் எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கணவன் ஆழ்கடலுக்குப் போகிறவன். போனால் முப்பது நாற்பது நாள் கழித்துத்தான் கரைக்கு வருவான். ஒவ்வொரு முறை வரும்போதும் அவள் இன்னும் கொஞ்சம் மோசமாகியிருப்பாள். பிள்ளைகள் இல்லை. அவன் வீட்டார் வேறு பெண் பார்க்கலாம் என்று பேசத் தொடங்கியபோது, தங்கை இவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். கண் டாக்டர் சொன்ன பிறகும், பிராந்துக்காரிக்கு எதற்கு ஸ்கேன் என்று அவன் வீட்டார் தடுத்திருக்கிறார்கள். அதனால்தான் ஐந்து வாரம்.

நான் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினேன். முன் மூளை இருக்க வேண்டிய இடத்தில், நல்ல முற்றின கொய்யாக்காய் அளவில் வெள்ளையாக ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது. மூளை அதைச் சுற்றி ஓரமாக ஒதுங்கிக் கிடந்தது. இது புற்று இல்லை, மூளையின் உறையிலிருந்து மெதுவாக வளர்கிற கட்டி, வாசனை நரம்பையும் குணத்தையும் கண்ணையும் அழுத்திவிட்டது என்று விளக்கினேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அவ மேல தப்பில்லியா சாரே?"

"இல்லை" என்றேன்.

"ஒண்ணுமே இல்லியா?"

"ஒன்றுமே இல்லை."

அவள் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் அவள வாரியலால அடிச்சிருக்கேன் சாரே" என்றாள். நர்ஸைக் கூப்பிட்டேன். தண்ணீர் கொடுக்கச் சொன்னேன்.

அந்தக் கட்டியை நான் எடுக்கக் கூடாது என்றுதான் முதலில் முடிவு செய்தேன். அவ்வளவு பெரிய கட்டிக்கு எங்கள் சாமான்கள் போதாது. திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். போனார்கள். அங்கே உயிருக்குப் போராடுகிறவர்களே வரிசையில் கிடந்தார்கள். இவளுக்குச் சில மாதம் கழித்துத்தான் முறை வரும் என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, நானும் அப்படித்தான் வரிசை போடுவேன். ஆனால் அந்தச் சில மாதத்தில் இடக்கண்ணும் போய்விடும். அந்த ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் அவள் உடுப்பைக் களைந்துவிட்டு ரோட்டுக்கு ஓடியிருக்கிறாள். தங்கை அவளைப் பிடித்து, ஒரு வண்டியில் ஏற்றி, நேராக என்னிடம் கொண்டுவந்தாள். வேறு இடத்துக்குப் போகமாட்டோம் என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

மயக்க மருந்து அக்காவிடம் படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "செய்யலாம் மக்கா. ஆனா நீ ரெண்டு நாள் போயி உறங்கு. இந்தக் கோலத்தில ஒன்ன மேசைக்கு முன்னால நிறுத்தமாட்டேன்" என்றார். நாகர்கோவிலில் இருந்த என் வீட்டுக்குப் போனேன். மனைவி சாப்பிடக் கூப்பிட்டதும், மகள் எட்டிப்பார்த்துவிட்டுப் போனதும் கனவு போல நினைவிருக்கிறது. திரும்பி வந்தபோதும் களைப்பாகத்தான் இருந்தது. ஆனால் கை கனக்கவில்லை.

கணவன் அப்போது கடலில் இருந்தான். படகு வயர்லெஸ்ஸில் கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு வார்த்தை வந்தது. செய்யட்டும் என்று. தங்கை கையெழுத்துப் போட்டாள். அவளூரிலிருந்து ஏழெட்டுப் பேர் ஒரு வேனில் வந்து ரத்தம் கொடுத்தார்கள். அவளைப் பிராந்துக்காரி என்று சொன்னவர்களும் அதில் இருந்தார்கள் என்று தங்கை சொன்னாள்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கினோம். மண்டையோட்டைத் திறக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. பிறகு கட்டியைத் துண்டு துண்டாக, உள்ளிருந்து குடைந்து எடுக்க வேண்டும். மொத்தமாக இழுத்தால் பின்னால் ஒட்டியிருக்கும் ரத்தக்குழாய் கிழிந்துவிடும். பட்டாணி அளவு எடுப்பது, கசியும் ரத்தத்தைச் சுட்டு அடைப்பது, மறுபடி பட்டாணி அளவு. இதில் சொல்வதற்கு வீரமாக ஒன்றுமில்லை. கழுத்து வலிக்கும். மூத்திரம் முட்டும். யாரும் பேசமாட்டார்கள்.

பதினொன்றரை மணி இருக்கும். கட்டியில் பாதி வெளியே வந்திருந்தது. கதவைத் திறந்துகொண்டு அவசரப் பிரிவு நர்ஸ் நின்றாள். மார்த்தாண்டத்துப் பக்கம் ஒரு கட்டிடத்தில் டைல்ஸ் ஒட்டுகிறவன் சாரத்திலிருந்து விழுந்திருக்கிறான். வரும்போது பேசினானாம். இப்போது பேச்சில்லை. ஒரு பக்கத்துக் கண்மணி விரிந்துவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும். உள்ளே ரத்தம் பெருகுகிறது, உடனே ஓட்டை போட்டு வெளியேற்ற வேண்டும். என் கைக்கு அது முக்கால் மணி நேர வேலை.

நான் நிமிரவில்லை. கண் நுண்ணோக்கியில் இருந்தது. அதில் அவளுடைய பார்வை நரம்பும் அதை ஒட்டித் துடிக்கிற ரத்தக்குழாயும் பாதி வெளியே தெரிந்தன. அப்படியே விட்டுவிட்டு நான் கை கழுவி அடுத்த அறைக்குப் போக முடியாது. போனாலும் அவனுக்கு மயக்கம் கொடுக்க ஆள் இல்லை, மூச்சு எந்திரமும் இல்லை. வீக்கத்தைக் குறைக்கும் மருந்தை ஏற்றி, மூச்சுக்குழாயில் குழாய் போட்டு, ஒரு டாக்டரோடு நாகர்கோவிலுக்கு அனுப்பச் சொன்னேன். கதவு மூடியது. மறுபடி பட்டாணி அளவு எடுக்கத் தொடங்கினேன்.

முடிக்கும்போது மாலை ஆறு மணி. கையுறையைக் கழற்றும்போது மயக்க மருந்து அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தப் பையன் போயிட்டான். போற வழியில."

"எப்போ தெரிந்தது உங்களுக்கு?"

"ரெண்டு மணிக்கு. சொன்னா ஒனக்குக் கை நிக்காதுன்னு சொல்லல."

உடை மாற்றும் அறையில் போய் உட்கார்ந்தேன். செருப்பு மாட்ட வேண்டும். அதை மாட்டக் குனிய முடியவில்லை. அழுகை ஒன்றும் வரவில்லை. வெளியே தங்கை காத்திருப்பாள், அவளிடம் போய் நல்லபடியாக முடிந்தது என்று சொல்ல வேண்டும், அதற்கு முகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று நான் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். அந்தச் சரியைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்குத்தான் திராணி இல்லை.

நாலு நாள் கழித்து அவனுடைய அப்பா வந்தார். காப்பீட்டுக்கு வேண்டிய காகிதங்களில் என் கையெழுத்து வேண்டியிருந்தது. தோளில் ஒரு துண்டு. கையில் பிளாஸ்டிக் கவர். போட்டுக் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்தார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"சாரு அண்ணைக்கு இஞ்சதான் இருந்தியளா?"

"இருந்தேன். உள்ளே வேறொரு ஓபரேசனில் இருந்தேன்."

அவர் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அப்ப செரி" என்றார். போய்விட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மீன்காரி மூன்று நாள் கண் திறக்கவில்லை. நாலாவது நாள் திறந்தாள். ஆறாவது நாள் காலையில் தங்கை கஞ்சி ஊட்டும்போது, தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏட்டி, எனக்க முடி எங்க?" என்று கேட்டாள். நாலு வருடமாக அவள் தன் உடம்பைப் பற்றி எதுவும் கேட்டதில்லை. தங்கை கஞ்சிப் பாத்திரத்தோடு வார்டுக்கு வெளியே ஓடிவந்து சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். பிறகு அழுதாள். நர்ஸ்களும் அழுதார்கள். நான் வலி மாத்திரையின் அளவை மாற்றி எழுதிவிட்டு நகர்ந்தேன்.

இப்படிப்பட்டவர்களுக்கு நோயில் செய்தது எதுவும் ஞாபகம் இருக்காது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிலருக்கு இருக்கும். பத்தாம் நாளோ என்னவோ, தையல் பிரிக்கும்போது என் கையைப் பிடித்து, மெதுவாகக் கேட்டாள்.

"நான் கோயில் முத்தத்தில வச்சு... அது உள்ளதா சாரே?"

உண்மைதான், ஆனால் அது நீ செய்ததல்ல, கட்டி செய்தது என்றேன். அவள் அதை யோசித்தாள். பிறகு, அதை நான் அவளுடைய ஊரில் வந்து சொல்ல வேண்டும் என்றாள். அவள் சொன்னால் யாரும் நம்பமாட்டார்களாம். பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்று நான் சொன்னால் அதற்கு அர்த்தம் வரமாட்டேன் என்பதுதான். எத்தனையோ பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். ஆனால் தங்கை விடவில்லை. தையல் ஆறின பிறகும் வாரம் ஒரு முறை, ஆலை விடுமுறை நாளில் வந்து, என் அறை வாசலில் நின்று, "எப்போ வாறிய சாரே" என்று கேட்டுவிட்டுப் போவாள். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, மறுப்பதற்குக் கூடத் தெம்பில்லாமல், வருகிறேன் என்றேன்.

அவளூர்க் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் என்னை அழைத்து மைக்கைக் கையில் கொடுத்தார். எனக்கு மேடைப் பேச்சு வராது. முதல் ஸ்கேன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இதுதான் அவள் தலைக்குள் இருந்தது, இது அவள் மூக்கையும் கண்ணையும் புத்தியையும் நசுக்கிக்கொண்டிருந்தது, நீங்கள் யாராக இருந்தாலும் இப்படித்தான் நடந்துகொண்டிருப்பீர்கள் என்றேன். அவ்வளவுதான். பிறகு பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து படத்தைப் பார்த்தார்கள். ஒருத்தி அதைத் தொட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பழைய மீனை விற்கிறாள் என்று சண்டை போட்ட, அவளோடு மீன் விற்கப் போகும் கூட்டுக்காரி ஒருத்தி, போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் கணவன் கடைசி வரிசையில் நின்றிருந்தான். கடலிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முகமெல்லாம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. எல்லாரும் போன பிறகு அவள் முன்னால் வந்து நின்று, "வீட்டுக்கு வாறியா?" என்று கேட்டான். அவள், "யோசிக்கட்டு" என்றாள். இரண்டு மாதம் யோசித்தாள். பிறகு போனாள். அவன் என்ன நினைத்துக் கூப்பிட்டான், அவள் என்ன நினைத்துப் போனாள் என்றெல்லாம் எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை.

இடக்கண் தப்பியது. வலக்கண் போனது போனதுதான். வாசனையும் திரும்பவில்லை, அந்த நரம்பு கட்டியோடு கட்டியாகக் கரைந்துபோயிருந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அவள் மறுபடி மீன் எடுக்கத் தொடங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். செவுளைப் பிரித்து நிறம் பார்க்கிறாளாம், வயிற்றில் விரலை வைத்து அழுத்திக் குழி விழுகிறதா என்று பார்க்கிறாளாம். ஏலக்காரன் அவசரப்படுத்தினாலும் கேட்பதில்லையாம்.

அதற்கிடையில் நிர்வாகத்திடம் இன்னொரு மூளை அறுவை மருத்துவர் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அந்த டைல்ஸ்காரனைப் பற்றியும் அதில் எழுதினேன். ஒருவர் வந்தார். நல்ல கை. ஏழு மாதம் இருந்தார். அந்த ஏழு மாதமும் வாரத்தில் மூன்று நாள் நான் போனை அணைத்துவிட்டு உறங்கினேன். பிறகு அவருடைய பிள்ளைகளின் படிப்புக்காகக் கொச்சிக்குப் போய்விட்டார். போகும்போது என் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்டார். மன்னிக்க என்ன இருக்கிறது, நானும் ஒரு நாள் போவேன் என்றேன். இன்னும் போகவில்லை.

ஒரு வருடப் பரிசோதனைக்கு மீன்காரியும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புறநோயாளிகளைப் பார்க்கும் நேரம். முந்தின நாள் முழுக்க நின்ற கால் எனக்கு. புதிய ஸ்கேனைக் கையில் வாங்கினேன். அவள் எதிரே உட்கார்ந்து, தலைவலி இல்லை, பேன் மாத்திரம் வருகிறது, முடி இப்போது சுருட்டையாக முளைக்கிறது என்று சொல்லத் தொடங்கியது வரை தெரியும்.

கண்ணை விழித்தபோது நாலரை மணி. தலை மேசையில் கிடந்தது. யாரோ மின்விசிறியைக் கூட்டி வைத்திருந்தார்கள். அறையில் யாரும் இல்லை. கதவைத் திறந்தேன். வெளியே இருபது பேராவது இருப்பார்கள், ஒரு சத்தம் இல்லை. வாசலுக்குக் குறுக்காக அக்காளும் தங்கையும் இரண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"உறங்கட்டுன்னு விட்டோம்" என்றாள் மூத்தவள்.

உள்ளே கூப்பிட்டுப் படத்தைப் பார்த்தேன். கட்டி இருந்த இடம் சுத்தமாக இருந்தது. ஒதுங்கிக் கிடந்த மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தன் இடத்துக்கு வந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் வந்தால் போதும் என்று சொல்லி, சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளை வரச் சொன்னேன்.